கண் மை வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி?

காஜல் வாங்கப் போனால் நம் கண்ணில் முதலில் படுவது முன்பக்கம்தான். கருகரு நிறம், 24 மணி நேரம் அழியாது, தண்ணீர் பட்டாலும் கரையாது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. படித்தாலும் வேதியியல் புத்தகம் மாதிரி இருக்கிறதே என்று விட்டுவிடுகிறோம்.

அந்தப் பட்டியல் முழுவதும் புரியத் தேவையில்லை. கண்ணுக்கு உண்மையிலேயே ஆபத்தான பொருள்கள் சில மட்டுமே. அவற்றை அடையாளம் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். கண்ணிமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அதனால் கன்னத்தில் ஒன்றும் செய்யாத பொருள்கூட இமையில் அரிப்பைக் கிளப்பும். எது அதிக ஆபத்தோ அதை முதலில் வைத்து ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: பட்டியல் இல்லையா, வாங்காதீர்கள்

பெட்டியைத் திருப்பி, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, பொருள்களின் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும், இங்கே அதற்குப் பொறுப்பான நிறுவனத்தின் முகவரியும் வேண்டும். இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் கேட்பது இது.

பென்சில் சின்னதாக இருப்பதால் பட்டியல் அட்டைப் பெட்டியில்தான் இருக்கும். கடைக்காரர் பெட்டி இல்லாமல் உதிரியாகக் கொடுத்தால், பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். கோயில் திருவிழாக் கடையிலும் ரயில் பெட்டியிலும் விற்கும் பெயரில்லாத மை டப்பாக்களில் எதுவும் எழுதியிருக்காது. விலை குறைவு என்று அவற்றை வாங்காதீர்கள். பொட்டு, வளையல், ரிப்பன் எல்லாம் அங்கே வாங்கலாம், கண்ணுக்குள் போகிற பொருளை மட்டும் வேண்டாம்.

ஒரு சின்னக் குறிப்பு: பட்டியலில் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருள்கள் அளவு குறைந்துகொண்டே வரும் வரிசையில் இருக்கும். அதற்குக் கீழே உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். பிரச்சினை செய்யும் பிரிசர்வேட்டிவ்கள் (பொருள் கெடாமல் காக்கச் சேர்ப்பவை) பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கும். அதனால் கடைசி வரியிலிருந்து மேலே படித்துப் பழகுங்கள்.

படி 2: காரீயம். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்

சுர்மா என்ற பெயரிலும் அஞ்சனக்கல் என்ற பெயரிலும் விற்கும் கருப்புப் பொடி பல நேரங்களில் கலீனா என்ற தாது. வேதியியல் பெயர் லெட் சல்ஃபைடு, அதாவது காரீயமும் கந்தகமும் சேர்ந்தது. ஆய்வகங்களில் சோதித்த சுர்மாக்களில் எடையில் பாதிக்கும் மேல் காரீயமாகவே இருந்த மாதிரிகளும் உண்டு. கருப்பாக, லேசான உலோகப் பளபளப்போடு, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனமாக இருக்கும். ஆனால் பார்வையை வைத்து உறுதி செய்ய முடியாது. ஆய்வகச் சோதனைதான் வழி.

நிறத்துக்காகக் காரீயமோ ஆர்சனிக்கோ சேர்த்த அழகுசாதனங்களைத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் கோல் என்ற பெயரில் வரும் இந்த மையை நிறமியாகவே அனுமதிக்கவில்லை. ஆனாலும் ஹஜ் பயணத்தில் வாங்கியது, வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தது, நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தது என்று அது வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

காரீயம் கண்ணிலேயே தங்கிவிடுவதில்லை. கண்ணீர் மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்குகிறது, அதோடு மையும் இறங்குகிறது. குழந்தை கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கும்போது இன்னும் நேராகவே உள்ளே போகிறது. குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு வரை காரீயம் இருக்கலாம் என்று பாதுகாப்பான அளவு எதுவும் தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மூளை வளர்ச்சி, கவனம், படிப்பு எல்லாவற்றையும் அது பாதிக்கும்; போன பிறகு திரும்பப் பெற முடியாத பாதிப்பு.

அதனால் பச்சைக் குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் வேண்டாம். கடையில் வாங்கியதும் வேண்டாம், வீட்டில் செய்ததும் வேண்டாம். கண் பெரிதாகும் என்று பாட்டி சொன்னால் கோபப்படாமல், "கண்ணுக்கு வேண்டாம் பாட்டி, பொட்டு வையுங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஜவ்வரிசியைக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, கொட்டாங்குச்சியில் ஊற்றிக் காயவைக்கும் சாந்துப் பொட்டு நம் வீடுகளில் வழக்கமானதுதான். அதைக் கன்னத்திலும் நெற்றியிலும் வைத்துத் திருஷ்டி கழிக்கலாம்.

வீட்டில் செய்யும் கண் மை பற்றியும் பலருக்குக் கேள்வி இருக்கும். கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்து, திரி போட்டு விளக்கேற்றி, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியை விளக்கெண்ணெயில் குழைப்பார்கள். இதில் காரீயம் சேர்வதில்லை. ஆனால் புகைக்கரி புகைக்கரிதான், அதோடு விரலிலிருந்து கிருமியும் சேரும். பெரியவர்கள் இமைக்கு வெளியே, கொஞ்சமாகச் செய்து சீக்கிரம் தீர்த்துவிடலாம். கற்பூரம் கலந்த மையைக் குழந்தை பக்கமே கொண்டுபோகாதீர்கள். கற்பூரம் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வரவழைக்கக்கூடியது.

படி 3: தலைமுடி டை புருவத்துக்கு வேண்டாம்

வீட்டில் இருக்கும் ஹேர் டை பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். புருவத்துக்கோ இமை முடிக்கோ பயன்படுத்தினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை இருக்கும். சட்டப்படி போட வேண்டிய வாசகம் அது. ஆனாலும் தலைக்கு அடித்தது போக மிச்சமிருக்கும் டையைப் புருவத்தில் தடவிக்கொள்வது பல வீடுகளில் நடக்கிறது, பார்லரில் கேட்டு வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

பயப்பட வேண்டிய பொருள் பாராஃபீனைலீன்டையமின், சுருக்கமாக பிபிடி. 1933இல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச் சாயத்தில் இது இருந்தது. பல பெண்களுக்குக் கண் புண்ணாகிப் பார்வை பாதித்தது, ஒருவர் இறந்தும் போனார். 1938இல் அந்த நாட்டில் அழகுசாதனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்ததற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம். இத்தனை வருடம் கழித்தும் அதே பொருள் ஹேர் டையிலும், உடனே கறுக்கும் 'கறுப்பு மருதாணி'யிலும் இருக்கிறது. நரைத்த புருவத்துக்குப் புருவப் பென்சில் போதும்.

படி 4: பிரிசர்வேட்டிவ் பெயர்கள்

மஸ்காராவிலும் திரவ ஐலைனரிலும் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் இருந்தால் கிருமி வளரும், அதைத் தடுக்க பிரிசர்வேட்டிவ் தேவை. ஆகவே 'பிரிசர்வேட்டிவே இல்லாதது' என்று விற்கும் மஸ்காராவை நான் வாங்க மாட்டேன். எந்த பிரிசர்வேட்டிவ் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தவிர்க்க வேண்டிய முதல் கூட்டம், மெதுவாக ஃபார்மால்டிஹைடை வெளியிடுபவை: டிஎம்டிஎம் ஹைடான்டோயின், குவாட்டர்னியம்-15, இமிடசோலிடினைல் யூரியா, டயசோலிடினைல் யூரியா, ப்ரோனோபால். பெயரில் 'யூரியா' என்று முடிவது எல்லாம் மோசமல்ல, ஆனால் முன்னால் 'சோலிடினைல்' வந்தால் தவிர்த்துவிடுங்கள். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. மையில் வரும் சிறிய அளவில் முதலில் வரக்கூடிய தொல்லை ஒவ்வாமை: இமை சிவந்து, தடித்து, தோல் உரியும்.

அடுத்து பென்சால்கோனியம் க்ளோரைடு. கண் சொட்டு மருந்துகளிலும் இருக்கிறது, மேக்கப் ரிமூவர்களிலும் இருக்கிறது. அடிக்கடி பட்டால் கண்ணின் மேற்பரப்பைப் புண்படுத்தி வறட்சியைக் கூட்டும். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்த்து ஏற்கெனவே கண் எரிபவர்கள் இதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். மெத்தில்ஐசோதியசோலினோன் இன்னொன்று. கழுவாமல் தோலிலேயே விடும் பொருள்களில் இதை ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடைசெய்துவிட்டது.

பாதரசம் பற்றிப் பலருக்குத் தெரியாது. முகக் கிரீமில் தற்செயலாகக்கூட 10 லட்சத்தில் 1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சொல்லும் அதே இந்திய விதிகள், 2020இல் வந்தபோது கண்ணுக்கான பொருளில் மட்டும் பிரிசர்வேட்டிவாக 70 பங்கு வரை அனுமதித்தன. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025க்குள் நிறுத்துவது என்று, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023இல் முடிவெடுத்தன. பட்டியலில் தைமரோசால், தியோமெர்சல், அல்லது 'மெர்குரிக்' என்று வந்தால் வேண்டாம்.

பாராபென் என்ற பிரிசர்வேட்டிவ் வகையைப் பற்றிப் பயப்படுபவர்கள் அதிகம். எனக்கு அது கடைசிக் கவலை. ஐசோப்ரொப்பைல், ஐசோபியூட்டைல் போன்ற சில வகைகளை ஐரோப்பா 2014இல் தடைசெய்தது சரிதான். மெத்தில்பாராபென் இன்றும் அங்கே அளவோடு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. 'பாராபென் இல்லை' என்று பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே டிஎம்டிஎம் ஹைடான்டோயின் வைத்திருந்தால் நமக்கு நஷ்டம்தான்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எளிய வழி: தண்ணீரே இல்லாத பென்சில் அல்லது குச்சிக் காஜல். பட்டியலில் 'அக்வா' என்ற சொல் இருக்காது. மெழுகும் எண்ணெயும்தான் அதிகம், பிரிசர்வேட்டிவ் தொல்லை குறைவு. 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்' என்று இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கண் மைக்கு வாசனை எதற்கு?

படி 5: இமை முடி வளர்க்கும் சீரம்

ஆன்லைனில் இப்போது அதிகம் விற்பது இது. பெயரில் 'ப்ரோஸ்ட்' என்ற துண்டு வருகிறதா என்று தேடுங்கள்: ஐசோப்ரொப்பைல் க்ளோப்ரோஸ்டினேட், பைமட்டோப்ரோஸ்ட் இப்படி. கண் நீர் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்து போட்டவர்களுக்கு இமை முடி நீண்டு வளர்ந்ததைப் பார்த்துத்தான் இந்த வகை சீரம்கள் பிறந்தன. முடி வளர்வது உண்மை. கூடவே இமைத்தோல் கறுப்பதும், கண் சிவப்பதும், கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு கரைந்து கண் குழி விழுவதும் நடக்கலாம். வெளிர்நிறக் கருவிழி நிரந்தரமாகக் கறுத்துப் போகலாம். டாக்டர் பார்க்காமல் இதைப் போட வேண்டாம்.

படி 6: நிறமும் மினுக்கும்

பட்டியலில் நிறமிகளை 'சி.ஐ.' என்ற குறியீட்டு எண்ணோடு போடுவார்கள். கருப்பு நிறத்துக்கு சி.ஐ. 77499 என்று இருந்தால் அது இரும்பு ஆக்சைடு, கண்ணுக்கு நீண்ட காலமாகப் பயன்படுவது. சி.ஐ. 77266 கார்பன் பிளாக், அதாவது சுத்திகரித்த கரி. ஐலைனரில் அனுமதி உண்டு. இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால் நான் முதலாவதை எடுப்பேன்.

கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கிறதா? அப்படியானால் உங்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். கனிம நிறமிகளில் நிக்கல் துளியளவு கலந்திருக்கும் என்பதால், அடர்நிற ஐ ஷேடோ உங்களுக்கு இமை அரிப்பைத் தரக்கூடும்.

கைவினைக் கடை கிளிட்டரைக் கண்ணில் போடவே கூடாது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேர்த்து நறுக்கிய துண்டுகள் அவை, விளிம்பு கருவிழியைக் கீறிவிடும். பரதநாட்டிய மேடை, பள்ளி ஆண்டு விழா என்று குழந்தைகளுக்குப் போடும்போது இதைக் கவனியுங்கள். பவுடர் வகைகளில் டால்க் இருந்தால் நம்பகமான நிறுவனமா என்று பாருங்கள். பூமிக்குள் டால்க் என்ற கனிமமும், புற்றுநோய் தரும் ஆஸ்பெஸ்டாஸும் பக்கத்தில் பக்கத்தில் கிடைப்பவை. 2019இல் அமெரிக்க அரசின் சோதனையில் சிறுமிகளுக்கென்று விற்ற ஒரு ஐ ஷேடோவிலேயே ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது தெரியவந்தது.

படி 7: வாங்கியதைச் சோதித்து, பிறகு கண்ணுக்கு

முழங்கையின் உள்மடிப்பில் காலையும் மாலையும் கொஞ்சம் தடவி ஒரு வாரம் பாருங்கள். ஒவ்வாமை உடனே தெரியாது, பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும். ஒரே இரவு வைத்துப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள்.

அப்புறம், எங்கே தீட்டுகிறீர்கள் என்பது முக்கியம். இமை விளிம்பின் உள்பக்கத்தில், முடிக்குப் பின்னால் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் இருக்கிறது. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துபோகாமல் காப்பது அந்த எண்ணெய். அங்கே மெழுகுக் காஜலைத் தினமும் அப்பினால் அந்த வாய்கள் அடைபடும், துகள்களும் நேராகக் கண்ணீரில் கலக்கும். இமை முடிக்கு வெளியே கோடு போட்டாலே பார்வைக்குக் கிட்டத்தட்ட அதே அழகு வரும்.

மஸ்காராவைத் திறந்து மூன்று மாதமானால் பாதி மிச்சமிருந்தாலும் தூக்கிப் போடுங்கள். காய்ந்துவிட்டது என்று தண்ணீரோ எச்சிலோ சேர்க்க வேண்டாம். அக்கா தங்கைக்குள்கூட ஒரே மையைப் பகிர வேண்டாம். லென்ஸ் போடுபவர்கள் முதலில் லென்ஸ், பிறகு மேக்கப்.

சிவப்பு, அரிப்பு, நீர் வடிதல் வந்தால் உடனே நிறுத்திக் கழுவுங்கள். பெட்டியை வீசிவிடாதீர்கள், டாக்டரிடம் அதையே கொண்டுபோய்க் காட்டுங்கள். புதிதாக நகப்பூச்சு போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். விரல் படும் இமையில்தான் பல நேரம் நகப்பூச்சு ஒவ்வாமை முதலில் தெரியும். வலி, மங்கல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம் இருந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டுக் குழந்தைக்குச் சுர்மா தீட்டி வந்திருந்தால், ரத்தத்தில் காரீய அளவு பார்க்கும் சோதனை வேண்டும் என்று குழந்தை மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள்.