டான்சி வண்டைத் தேடப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் யார்க் நகரத்து ஊஸ் ஆற்றங்கரையில், டான்சி வண்டைக் கணக்கெடுக்க இந்தக் கோடையில் புதிதாக வந்த தன்னார்வலர்கள் சிலரோடு நடந்தேன். ஆரம்பத்தில் நான் எங்கெங்கே சறுக்கினேனோ, அங்கெல்லாம் அவர்களும் சறுக்கினார்கள். தண்ணீர் பாட்டில் மறப்பது, சேற்றுக்குச் செருப்போடு வருவது எல்லாம் ஒரு தடவை பட்டால் சரியாகிவிடும். அவற்றை விடுங்கள்.

டான்சி வண்டு, டான்சி என்ற செடியின் இலையைத் தின்னும் ஓர் இலை வண்டு. கிரைசோலினா கிராமினிஸ் என்பது அறிவியல் பெயர். ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் உண்டு. ஆனால் பிரிட்டனில் அதன் முக்கிய இருப்பிடம் யார்க்கைச் சுற்றி ஊஸ் ஆறு ஓடும் சில பத்து கிலோமீட்டர் கரைதான். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம், நம் ஊர்ப் பொன்வண்டு போல மினுங்கும் பச்சை. பொன்வண்டு வேறு குடும்பம்.

மினுங்கினால் டான்சி வண்டு என்று எழுதுவது

புதினா வண்டும் இதே பச்சைதான். டான்சி வண்டு நீர்ப்புதினாவையும் தின்னும் என்பதால், செடியை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. தெளிவான படம் எடுத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஒரே ஒரு முறை போய்விட்டு ‘இல்லை’ என்று எழுதுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் நானே செய்தேன். கோடை நடுவில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், புதர் புதராகப் பார்த்தேன். இலைகளின் ஓரமெல்லாம் கடிபட்டிருந்தது. ஒரு வண்டுகூடக் கண்ணில் படவில்லை. படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

வசந்தத்தில் வெளிவரும் வண்டுகள் இணைந்து, டான்சி இலைகளில் முட்டையிடும். புழுக்கள் தின்று வளர்ந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். பழைய வண்டுகள் அதற்குள் பெரும்பாலும் செத்துவிடும். புதிய தலைமுறை கோடையின் பிற்பகுதியில்தான் மேலே வரும். நடுவில் ஓர் இடைவெளி. நான் போனது சரியாக அந்த இடைவெளியில். என் காலடி மண்ணில் அவை இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கரையைப் பராமரிப்பவர்கள் என் படிவத்தைப் பார்த்து, வண்டு இல்லாத இடம்தானே என்று டான்சியையும் சேர்த்துச் சீராக வெட்டிவிட்டார்கள். ஆகஸ்டில் மண்ணிலிருந்து வருபவற்றுக்கு மேலே ஓர் இலைகூட இல்லை. அடுத்த வசந்தத்தில் அங்கே நான்கு முறை போய்ப் பார்த்தேன். வெறும் புல்.

அதனால் புதியவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: ‘இல்லை’ வேண்டாம், ‘காணவில்லை’ என்று எழுதுங்கள். தேதி, நேரம், வெயிலா மழையா, இலையில் கடித்தடம் இருந்ததா, எல்லாம் சேர்த்து. கேம்பிரிட்ஜ்ஷயர் சதுப்பு நிலங்களில் இந்த வண்டு போய்விட்டது என்றே பல காலம் நினைத்திருந்தார்கள். 2014-இல் அங்குள்ள வுட்வால்டன் சதுப்பு நிலத்தில் மறுபடியும் கண்டார்கள்.

செடி இருந்தால் வண்டு வந்துவிடும் என்று நம்புவது

கசக்கினால் கற்பூர வாசனை அடிக்கும் டான்சி, பொத்தான் போன்ற மஞ்சள் பூவோடு ஒரு கரை முழுக்க நிற்கும், வண்டு இருக்காது. இந்த வண்டு பறப்பது மிக அபூர்வம், நடந்துதான் போகும். இரண்டு புதர்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான மீட்டர் வெற்றிடம் இருந்தால் அதைத் தாண்டுவது கடினம். அப்புறம் இமாலய பால்சம். நம் காசித்தும்பையின் உறவுதான், ஆனால் இந்தக் கரைகளில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து டான்சியை மூடிவிடுகிறது. வில்லோ மரங்களின் நிழலும் அப்படித்தான். ஆகவே வரைபடத்தில் செடியை மட்டும் குறிக்காமல், அடுத்த புதர் எத்தனை அடி தள்ளி இருக்கிறது, எது அதை மூடுகிறது என்பதையும் குறியுங்கள்.

வீட்டுக்கு எடுத்துப் போய் வளர்ப்பது

வேண்டாம்.

குளிர்காலத்தில் களை பிடுங்குவது

வண்டுகள் அப்போது மண்ணுக்குள் உறங்கும். டான்சியின் அடியைக் கிளறாதீர்கள்.