வரைந்த நூலை வாயால் வெளியிடாதீர்கள்

நூலகத்தில் கிராஃபிக் நாவல், அதாவது படக்கட்டங்களால் கதை சொல்லும் நாவல், வெளியிடும் விழா என்றால் அழைப்பிதழைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வரவேற்புரை, தலைமையுரை, நூல் அறிமுகவுரை, நான்கு வாழ்த்துரைகள், எல்லாவற்றுக்கும் கீழே ஏற்புரை. அந்த ஏற்புரைக்காரர்தான் மூன்று நான்கு ஆண்டுகள் முதுகு வளைய உட்கார்ந்து புத்தகத்தை வரைந்தவர். அவர் கைக்கு மைக் வரும்போது வாசலில் நூலகப் பணியாளர் சாவிக்கொத்தோடு நின்றிருப்பார். பின்வரிசையில் பாதிப் பேர் பஸ் பிடிக்கப் போயிருப்பார்கள்.

கவிதைத் தொகுப்புக்கு இந்த வரிசை எப்படியோ ஒத்துப்போகிறது. வாழ்த்த வந்தவர் நான்கு வரியை வாசித்துக் காட்டினால் கவிதை கொஞ்சமாவது அரங்குக்குள் வந்துவிடும். கிராஃபிக் நாவலை அவர் என்ன செய்வார்? "ஓவியங்கள் உயிரோடு இருக்கின்றன" என்று ஒரு வாக்கியம் சொல்வார். பிறகு தமக்குப் பழக்கமான கதைப் பக்கம் திரும்பி, முடிவையும் சேர்த்து முழுவதையும் சொல்லிவிடுவார். ஆகவே நூலகத்தில் தேதி கேட்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்: வரவேற்புரை முடிந்ததும் படைப்பாளிக்கு 25 நிமிடம், வாழ்த்துரைகள் எல்லாம் அதற்குப் பிறகு. இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவர் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு அதற்குக் கீழேயே அதை மீறுகிறோம்.

அடுத்த தவறு பேச்சின் முதல் பத்து நிமிடத்தில் நடக்கிறது. "இது காமிக்ஸ் அல்ல, கிராஃபிக் நாவல்" என்று தொடங்குவது. அந்தச் சொல் 1964இல் பிறந்தது, அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் 1978இல் தம் நூலின் அட்டையில் போட்டுப் பரப்பினார், 1992இல் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' புலிட்சர் சிறப்பு விருது பெற்றது என்று வரலாற்றுப் பாடம் நீளும். தகவல்களில் பிழையில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களைக் கொஞ்சம் பாருங்கள். நரைத்த தலைகளில் சில, 1972இல் தமிழில் முத்து காமிக்ஸ் இதழ் வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்திருப்பவை. அவர்களிடம் போய்க் காமிக்ஸ் வேறு, என் நூல் வேறு என்று தள்ளி நிற்பது நன்றிகெட்ட வேலை. அவர்கள்தான் கட்டம் கட்டமாகப் படிக்கத் தெரிந்தவர்கள். உங்கள் முதல் வாசகர்கள். காமிக்ஸே தெரியாமல் வந்தவருக்கும் வரலாறு உதவாது. ஒரு பக்கத்தைக் காட்டினால் போதும்.

அந்தப் பக்கத்தைக் காட்டுவதில்தான் பெரும்பாலான கூட்டங்கள் கவிழ்கின்றன. புத்தகப் பக்கம் நெட்டுவாக்கில் இருக்கிறது, திரை அகலவாக்கில். முழுப் பக்கத்தை அப்படியே போட்டால் திரையின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கைத்தான் அது நிரப்பும். பேச்சுக் குமிழுக்குள் இருக்கும் எழுத்து மூன்றாம் வரிசைக்கே எறும்பாகிவிடும். பக்கத்தை அரை நிமிடம் முழுதாகக் காட்டி அமைப்பைப் புரியவைத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக எடுத்துப் போடுங்கள். குமிழ்களை அழித்துவிட்டு வசனத்தை உங்கள் குரலில் சொல்வது இன்னும் நல்லது. கண் படத்தில் இருக்கும், காது வசனத்தில். இரண்டும் சண்டை போடாது.

எழுத்துரு விஷயத்தில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு நூலகத்தில் நண்பர் தம் கோப்பை அங்கிருந்த கணினியில் திறந்தார். வீட்டில் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். அங்கே பாமினி இல்லை. நாவலின் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பிராக்கெட்டுகளும் வரிசையாக நின்றன. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி அதைச் சத்தமாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். அரங்கம் சிரித்த சிரிப்பில் அவர் அடுத்துச் சொல்ல வேண்டியதை மறந்துவிட்டார். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், செய்தபின் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போங்கள். அப்போது எந்தக் கணினியும் உங்களைக் கேலி செய்யாது.

வெளிச்சத்தையும் அரை மணி முன்னால் போய்ப் பாருங்கள். நூலக அரங்குகள் படிப்பதற்காக வெளிச்சமாகக் கட்டப்பட்டவை. திரைக்கு நேர் மேலே எரியும் டியூப்லைட்டுக்கு எது சுவிட்ச் என்று கூட்டம் தொடங்கிய பிறகு தேடினால் எல்லா மின்விசிறிகளும் ஒருமுறை நின்று ஓடும். நீங்கள் இரவுக் காட்சியில் பார்த்துப் பார்த்துப் பூசிய அடர்நீலம், வெளுத்த புரொஜெக்டரில் வெறும் சாம்பல் பட்டை. அதனால் கோடு அழுத்தமாக விழுந்த பக்கங்களாகத் தேர்ந்தெடுங்கள்.

திரையில் படம் வந்தவுடன் வாயை ஓடவிடுவது இன்னொரு பழக்கம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியில்தான் வாசகர் மனம் கதையை ஓட்டுகிறது. அந்த இடைவெளியைக் காட்டிவிட்டு, "இங்கே இவர் இறந்துவிட்டார் என்பதைக் குறியீடாக…" என்று விளக்கினால் வாசகருக்கு வேலையே இல்லாமல் போய்விடும். படத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்; பார்வைக் குறைபாடு உள்ளவரும் வந்திருக்கலாம். என்ன அர்த்தம் என்று சொல்லாதீர்கள். பிறகு ஐந்து விநாடி சும்மா நில்லுங்கள். ஐந்து விநாடி மேடையில் எவ்வளவு நீளம் என்று அப்போது தெரியும்.

படம் போட்ட புத்தகம் என்றதும் பெற்றோர் குழந்தைகளை அழைத்துவருவார்கள். உங்கள் கதையில் வன்முறை இருந்தால் அழைப்பிதழிலேயே வயதைக் குறிப்பிடுங்கள். கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ரத்தம் தெறிக்கும் கட்டம் வரும்போது ஓர் அம்மா எழுந்து பிள்ளையின் கண்ணைப் பொத்துவார்.

கேள்வி நேரத்தில் "எந்தப் பேனாவில் வரைந்தீர்கள்?" என்று யாராவது கேட்பார்கள். சிலர் இதற்கு முகம் சுளிக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அந்த மாலையின் மிக நல்ல கேள்வி அதுதான். பையிலிருந்து பேனாவை, முதல் பென்சில் வரைவை, அடித்துத் திருத்திய தாளை எடுத்துக் காட்டுங்கள். கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்து மேசையைச் சுற்றிவிடும்.

கையெழுத்துப் போடும்போது ஆளுக்கொரு படம் வரைந்து தருவதாக மேடையில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒருவருக்கு நான்கு நிமிடம், 40 பேர் என்றால் 160 நிமிடம். சாவிக்கொத்துக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து விநாடியில் முடியும் ஒரு முகத்தை முன்பே பழகி வையுங்கள். பளபளக்கும் ஆர்ட் தாளில் ஜெல் பேனா சட்டென்று காயாது. மூடிய கையோடு எதிர்ப்பக்கம் கறையாகிவிடும். உங்கள் தாளில் எந்த மை நிற்கிறது என்று வீட்டில் ஒரு பிரதியைக் கெடுத்துப் பாருங்கள்.

விழா முடிந்ததும் எல்லாரும் மறப்பது அலமாரியை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாள்களுக்குள் பதிப்பாளர் பிரதிகளை அனுப்ப வேண்டிய நான்கு நூலகங்களில் சென்னை கன்னிமாராவும் ஒன்று. தாமே பதிப்பிக்கும் ஓவியர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. விழா நடந்த நூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள், நூலகரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க நூலகங்கள் பயன்படுத்தும் டூயி பகுப்பில் காமிக்ஸுக்கும் கிராஃபிக் நாவலுக்கும் எண் 741.5. சொல்லாவிட்டால் படங்களைப் பார்த்தவுடன் சிறுவர் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்துப் போனால், பஞ்சகாலத்தைப் பற்றிய உங்கள் 200 பக்கம் தெனாலிராமன் கதைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்.