கம்பெனி கம்பெனியை வாங்கும்போது நாம் பார்க்கத் தவறுவது

ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கப்போகிறது என்றதும் விலை கூடுதலா குறைவா என்றுதான் பேசுகிறோம். அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு.

2008 டிசம்பர் 16 அன்று, நிலத் தொழில் செய்த மேட்டாஸ் பிராப்பர்ட்டீஸை முழுதாகவும் கட்டுமானக் கம்பெனியான மேட்டாஸ் இன்ஃப்ராவில் 51 சதவீதத்தையும் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் போர்டு (இயக்குநர் குழு) ஒப்புக்கொண்டது. விற்கும் பக்கத்தில் இருந்தது சத்யம் தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பம். போர்டில் ஹார்வர்டு பேராசிரியரும் முன்னாள் கேபினட் செயலரும் இருந்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. பெரிய பெயர்கள் இருந்தால் போதும், கேள்வி கேட்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். கடைசியில் எதிர்த்தது முதலீட்டாளர்கள்தான். நியூயார்க்கில் சத்யம் பங்கு விலை பாதிக்கும் கீழே சரிய, சில மணி நேரத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

சரி, ஐ.டி. கம்பெனிக்கு எதற்கு நிலமும் கட்டுமானமும்? 2009 ஜனவரி 7 அன்று ராஜு எழுதிய கடிதத்தில் விடை இருந்தது. கணக்கில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. மேட்டாஸை வாங்கியதாக எழுதினால், இல்லாத ரொக்கம் ஏட்டிலிருந்து போய்விடும், அந்த இடத்தில் நிஜச் சொத்து வந்து உட்காரும். மேட்டாஸுக்குத் தர வேண்டியதை அப்புறம் தள்ளிப்போடலாம் என்பது கணக்கு. ஊழியர்களும் சிறு முதலீட்டாளர்களும் நம்பியிருந்த ஏடு அது. நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

ஆகவே, நிறைய ரொக்கம் வைத்திருக்கும் கம்பெனி என்றால் அதன் வட்டியைப் பாருங்கள். வந்த வட்டியா, வரவேண்டிய வட்டியா? சத்யம் ஏட்டில் வரவேண்டியதாக எழுதியிருந்த 376 கோடி வட்டியும் பொய். ஆடிட்டராக இருந்தால், வங்கி இருப்புக் கடிதத்தைக் கம்பெனி கையிலிருந்து வாங்காதீர்கள். வங்கியிடமிருந்தே நேரடியாக வரவழையுங்கள்.

இப்போது, பட்டியலிட்ட கம்பெனி தன் புரமோட்டர் (கம்பெனியைத் தொடங்கி, கையில் வைத்திருப்பவர்) குடும்பத்தோடு பெரிய பேரம் செய்தால் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. சம்பந்தப்பட்டவர்கள் அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட முடியாது. நீங்கள் பங்குதாரர் என்றால், இந்த ஒப்புதலுக்காக உங்களுக்கு வரும் ஈ-வோட்டிங் மெயிலை அப்படியே அழித்துவிடாதீர்கள். கூட வரும் விளக்கக் குறிப்பில் விற்பவர் யார், மதிப்பீட்டாளர் என்ன அனுமானத்தில் விலை போட்டார் என்ற இரண்டையும் படித்துவிட்டு ஓட்டைப் போடுங்கள்.