பனை நிழலில் ஓர் ஆங்கில வகுப்பு: ஒன்றுபோலத் தோன்றும் சொற்களைப் பிரித்தறிவது எப்படி?

பாம்பனில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் ஒரு மாணவி, "ராமநாதபுரம் பீச்சில் மூன்று நாளாக மழை" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். இலக்கணம் சரி. ஆனால் படிப்பவருக்கு மணலில் மட்டும் மழை பெய்ததாகத் தோன்றும். தொண்டி முதல் சாயல்குடி வரை பெய்த மழையை அவள் சொல்ல நினைத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பீச், ஷோர், கோஸ்ட் மூன்றுக்கும் 'கடற்கரை' என்று ஒரே பொருளைப் படித்த பிள்ளை வேறு எப்படி எழுதும்?

இந்த வேறுபாடுகள் நம் ஊரிலேயே கண்முன் கிடக்கின்றன. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தமிழ்ச் சொல்லை எழுதுங்கள்

'நிழல்' என்று எழுதுங்கள். நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் ஷேட், ஷேடோ என்று இரண்டு. சாயங்காலம் சாலையில் நீளமாக விழும் பனையின் கறுத்த உருவம் ஷேடோ. அங்கே உட்கார்ந்து வலை பின்ன முடியுமா? உடம்பில் பாதி வெயிலில் கிடக்கும். பூவரசின் அடியில் வெயில் படாமல் இருக்கிறதே, அந்த இடம் ஷேட். பனைக்கு ஷேடோ உண்டு, ஷேட் சொற்பம். உருவத்தைச் சொன்னால் ஷேடோ, ஒதுங்கும் இடத்தைச் சொன்னால் ஷேட்.

படி 2: சொல்லை ஓர் இடத்தில் நிறுத்துங்கள்

அரியமான் மணலில் நின்றால் அது பீச். காரங்காட்டில் அலையாத்தி மரங்களின் வேர்கள் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. அங்கே மணல் இல்லை, ஆனால் நீரும் நிலமும் தொடும் ஓரம் இருக்கிறது. அது ஷோர். ஏரிக்கும் ஷோர் உண்டு. கடலுக்குப் போனவர்கள் கரை திரும்பினார்கள் என்று எழுதவும் இந்தச் சொல்தான் வேண்டும். கோஸ்ட் என்பது கடலை ஒட்டிய நிலப்பகுதி முழுவதும். வரைபடத்தில் பார்க்கும் கரை. அந்த மாணவிக்குத் தேவைப்பட்டது இதுதான்.

படி 3: மாற்றிப் போட்டுப் பாருங்கள்

எழுதிய வாக்கியத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு மற்றதை வையுங்கள். பொருள் எங்கே கெடுகிறதோ அங்கேதான் வேறுபாடு இருக்கிறது.

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான கடலைப் பெண்கடல் என்றும் சீறும் கடலை ஆண்கடல் என்றும் நம்மவர்கள் பிரித்தார்கள். ஆங்கிலம் வடக்கே இருப்பதை பே என்றும் தெற்கே இருப்பதை கல்ஃப் என்றும் சொல்கிறது. பொதுவாக, வாய் அகன்று திறந்திருப்பது பே. நிலத்துக்குள் ஆழமாகப் புகுந்தது கல்ஃப். இந்த விதியை இறுகப் பிடிக்காதீர்கள். வங்காள விரிகுடா பல கல்ஃப்களைவிடப் பெரியது, ஆனாலும் அதன் பெயர் பே. இடப்பெயரை வழங்குகிறபடியே கற்றுக்கொள்வதுதான் வழி. வேலைக்காக அரபு நாட்டுக்குப் போனவரை நாம் "கல்ஃபில் இருக்கிறார்" என்போம். அது பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த வழக்கு. இருவர் கருத்துகளுக்கு நடுவே பெரிய இடைவெளி இருந்தால் அதற்கும் ஆங்கிலத்தில் கல்ஃப் என்பார்கள். அங்கே பே என்று மாற்றிப் பாருங்கள், வாக்கியம் உடனே கெட்டுவிடும்.

ஸ்ட்ரெய்ட் என்றால் நீரிணை: இரண்டு பெரிய நீர்ப்பரப்புகளை இணைக்கும் ஒடுங்கிய கடல். பாக் விரிகுடாவை வங்கக் கடலோடு இணைப்பது பாக் நீரிணை. 'நேரான' என்ற பொருளில் வரும் சொல்லுக்கும் இதே ஒலிதான், எழுத்துக்கூட்டல் வேறு.

படி 4: நீங்களே ஒரு சோடியைப் பிரியுங்கள்

'புயல்' என்று எழுதி, எதிரே ஸ்டார்ம், சைக்ளோன் இரண்டையும் எழுதுங்கள். பலத்த காற்றும் இடியும் மழையும் சேர்ந்து வந்தாலே ஸ்டார்ம். கடலில் தாழ்வழுத்தத்தைச் சுற்றிச் சுழன்று வருவது சைக்ளோன். சைக்ளோனை ஸ்டார்ம் என்றும் சொல்லலாம். எல்லா ஸ்டார்மையும் சைக்ளோன் என்று சொல்ல முடியாது. இனி தனுஷ்கோடியைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். 1964 டிசம்பரில் ஓர் ஊரையும் ஒரு ரயிலையும் கொண்டுபோனதற்கு எந்தச் சொல்லை வைப்பீர்கள்?