சொந்த நிலத்து நீர்த்தேக்கக் கரைகள்: மழைக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பின் பெய்த மழை, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. ஏரி நிரம்பி வெளியேறிய வெள்ளம், சாலையோரம் நின்ற வாகனங்களை அடித்துச் சென்றதை மாநிலமே பார்த்தது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2017 நவம்பர் 29 அன்று, கிருஷ்ணகிரி அணையின் மதகுகளில் ஒன்று உடைந்தபோது தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் எச்சரிக்கப்பட்டன. பெரிய அணைக்குப் பொறியாளர்களும் வெள்ள எச்சரிக்கை ஏற்பாடும் உண்டு. நம் மாந்தோப்புக்கும் தக்காளி வயலுக்கும் தண்ணீர் தேக்க ஓடைச் சரிவில் போட்ட பத்தடி, பன்னிரண்டடி மண் கரைக்கு அவை எதுவும் கிடையாது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டமும் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 முதல் 15 மீட்டர் வரையிலான அணைகளையுமே கணக்கில் கொள்கிறது. ஆகவே, சிறிய கரையைக் கவனிக்க வேண்டிய முழுப் பொறுப்பும் நிலத்துக்காரருடையதே. அது உடைந்தால் பாதிக்கப்படுவதோ கீழ்க்காட்டுக்காரரும், அதற்கும் கீழே உள்ள ஊர் ஏரியும்தான்.

கோடியை (உபரிநீர் வழிந்து வெளியேறும் வாயை) சுருக்குவது

இவ்வகைக் கரைகளில் நான் கண்டவரை மிகப் பெரிய தவறு, தண்ணீரைத் தேக்குவதில் காட்டும் அக்கறையை அதை வெளியேற்றுவதில் காட்டாததுதான். கரைக்கு லட்சக்கணக்கில் செலவு செய்தவர், உபரிநீர் போக ஆறு அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார். அந்தக் குழாயில் வினாடிக்கு ஓரிரு கன அடி நீர் போவதே அதிகம்.

தேவை எவ்வளவு என்பதை யாரும் போட்டுப் பார்த்துவிடலாம். ஐம்பது ஏக்கர் மேட்டு நிலத்தின் நீர் உங்கள் கரைக்கு வருகிறது என்று கொள்வோம். அங்கே 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ இரண்டு கோடி லிட்டர். மண் ஏற்கெனவே ஊறியிருந்து அதில் பாதி ஓடி வந்தாலும் ஒரு கோடி லிட்டர் ஆகிறது. அது மூன்று மணி நேரத்தில் வந்து சேர்ந்தால் சராசரியாக வினாடிக்கு 33 கன அடி. கோடியின் மேல் நீர் ஓரடி ஆழத்தில் வழியும்போது, கோடியின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் வினாடிக்குச் சுமார் மூன்று கன அடி நீர் வெளியேறும். எனவே சராசரி வரத்துக்கே பதினோரு அடி நீளக் கோடி வேண்டும். வெள்ளம் சீராக வருவதில்லை. உச்ச வேளையில் சராசரியைப் போல் இரு மடங்கும் வரக்கூடும் என்பதால், இருபது அடிக்கு மேல் வைப்பதே பொறுப்பான செயல். ஊத்தங்கரையில் பெய்தது இந்தக் கணக்கில் உள்ள மழையைப் போல் ஐந்து மடங்கு என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

சரியான அளவில் கோடி கட்டியவர்களும் பிறகு அதைக் கெடுத்துவிடுவதுண்டு. இன்னும் ஓரடித் தண்ணீர் நிற்கட்டும் என்று கோடியின் மேல் மணல் மூட்டை அடுக்குவதும், வளர்ப்பு மீன் ஓடிவிடாமல் இருக்கக் குறுக்கே வலை கட்டுவதும் இப்பகுதியில் சாதாரணமாக நடக்கின்றன. முதல் வெள்ளத்தில் வரும் சருகும் முள்ளும் வலையில் அடைந்து, வலை தடுப்புச் சுவராகிவிடுகிறது. கோடிக்குரிய உயரத்துக்கு மேல் நீர் ஏறினால், அடுத்து அது வழியும் இடம் கரையின் தலைப்பு, அதாவது மேல்முகடு. மண் கரையின் மீது வழியும் நீர் வெளிச்சரிவை அரித்துக்கொண்டே பின்னோக்கி வருவதால், கரை அறுந்துபோகச் சில மணி நேரம் போதும். மீனைக் காக்க வேண்டுமானால் வலையைக் கோடியிலிருந்து தள்ளி, தேக்கத்தின் உட்பக்கத்தில், சுற்றளவு பெரிதாக வருமாறு அமைத்து, மழை நாட்களில் சருகை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் மீனை விட்டுக்கொடுப்பதே சரி.

புதிதாகக் கொட்டிய மண்ணில் கோடியை வெட்டுவதும் தவறு. கரையின் ஓரத்தில், அசையாத இயற்கை மேட்டில் அதை அமைத்து, வழியும் நீர் கரையடியைத் தொடாமல் ஓடையில் சேரும்வரை கருங்கல் பாவிவிட வேண்டும்.

கரையின் தலைப்பு, கோடியில் வெள்ளம் வழியும்போது நிற்கும் நீர்மட்டத்தைவிடக் குறைந்தது இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும். ஆனால் டிராக்டர் ஏறி இறங்கும் தடத்தில் அது மெல்ல அமுங்கிப் பள்ளமாகிவிடுகிறது. மற்ற இடங்கள் எவ்வளவு உயரமாக இருந்தாலும், கரையின் உண்மையான உயரம் அந்தப் பள்ளத்தின் உயரமே. நீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயைக் கொண்டு கொத்தனார் மட்டம் பார்ப்பது போல ஆண்டுக்கு ஒருமுறை கரை முழுவதும் மட்டம் பார்த்து, தாழ்ந்த இடத்தில் மண் போட்டு இறுக்கினால் போதும்.

கசிவை வெளியிலிருந்து அடைப்பது

எல்லா மண் கரையும் சிறிதளவு கசியும். தெளிந்த நீர், மாறாத அளவில் கசிந்தால் பதற வேண்டியதில்லை. கசிவு கலங்கி வந்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ, நீருடன் மண்ணும் வெளியேறுகிறது, கரைக்குள்ளே ஒரு வழி உருவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது பலரும் வெளிச்சரிவில் நீர் வரும் துளையைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைத்துவிடுகிறார்கள். நீர் நிற்பதில்லை, உள்ளே அழுத்தம் கூடி, வேறோர் இடத்தில் முன்னிலும் வேகமாகப் பீறிடுகிறது. வெளிப்பக்கத்தில் செய்ய வேண்டியது, நீரை விட்டு மண்ணை நிறுத்துவது: கசியும் இடத்தின் மேல் முதலில் பருமணல், அதன் மேல் சிறுஜல்லி, அதன் மேல் பெருஜல்லி என்று பரப்பிப் பாரம் ஏற்ற வேண்டும். அடைப்பு என்பது நீர் நுழையும் உட்பக்கத்தில், நீர்மட்டத்தைக் குறைத்த பின் செய்ய வேண்டிய வேலை.

கசிவு பெரும்பாலும் தொடங்கும் இடம் குழாய்ப் பாதை. கட்டி முடித்த கரையை வெட்டி, பிவிசி குழாயைப் போட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டால், குழாயை ஒட்டிய இறுகாத மண் நீருக்கு வழியாகிறது. வெட்டாமல் கரையின் மேலாக சைபன் குழாய் (நீரை உறிஞ்சி ஏற்றி மறுபக்கம் இறக்கும் குழாய்) போடுவது எவ்வளவோ மேல். வெட்டியே ஆக வேண்டுமென்றால், ஈரப்பதம் பார்த்து, அரையடிக்கு மிகாத அடுக்குகளாகக் கையால் இடித்து இறுக்க வேண்டும். பொக்லைன் வாளியால் தட்டுவது இறுக்குவதாகாது.

எந்த மண்ணைக் கொண்டு கரை போடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கிருஷ்ணகிரிப் பகுதியின் சரளை கலந்த செம்மண் நீரை எளிதில் விடும் என்பதால், நடுவில் களிமண் திண்டு வைத்து, அதைக் கெட்டித் தரைவரை இறக்க வேண்டும். சோடிய உப்பு மிகுந்த களர் மண் இதைவிட ஆபத்தானது. கோலிக்குண்டு அளவு மண் கட்டியைத் தெளிந்த மழைநீர் உள்ள கண்ணாடி டம்ளரில், கலக்காமல், மெல்லப் போட்டு வைத்துப் பாருங்கள். கட்டி உதிர்ந்து அடியில் குவிந்தால் பரவாயில்லை. அதைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் பரவினால், அந்த மண் கரைந்துபோகும் மண். அதைக் கரைக்குப் பயன்படுத்தும் முன் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் யோசனை கேட்பது கட்டாயம்.

மரம், வளை, தூர்

கரைக்கு நிழலும் பிடிப்பும் என்று எண்ணிப் பலர் வேலிக்காத்தானையும் வேம்பையும் வளரவிடுகிறார்கள். மரத்தின் வேர் பட்டு அழுகும்போது கரைக்குள் குழாய் போன்ற வெற்றிடம் மிஞ்சும். புயலில் மரம் சாய்ந்தால் கரையில் ஒரு பகுதியையே பெயர்த்துக்கொண்டு விழும். கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டு, வெட்டிவேரோ அறுகோ வளர்க்க வேண்டும். பெருமரத்தை மழைக்காலம் நெருங்கும் வேளையில் வேரோடு பெயர்ப்பது இரண்டாவது தவறு. கோடையில், நீர் தாழ்ந்திருக்கும்போது, வேர்க்குழியை முழுதும் தோண்டி, நல்ல மண்ணை அடுக்கடுக்காக இட்டு இறுக்க அவகாசம் இருந்தால் மட்டுமே அதில் கை வைக்கலாம். கரையில் அடர்ந்த புதர் இருந்தால் எலி வளையும் நண்டு வளையும் கண்ணில் படாது என்பதால், புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டி வைப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதி.

தூர்வாரும்போது வண்டலோடு நிறுத்தாமல் கரையடியை ஒட்டி ஆழமாகத் தோண்டுகிறார்கள். கரை நிற்பதற்குத் தாங்கலாக உள்ள மண்ணே அதுதான். உட்சரிவின் அடியிலிருந்து இருபதடியாவது தள்ளியே வாளி இறங்க வேண்டும். நிறைந்த தேக்கத்தைப் பெரிய மோட்டார்களால் ஓரிரு நாளில் வற்றடிப்பதும் இது போன்றதே: வெளியே நீர் தாழ்ந்தாலும் கரைக்குள் ஊறிய நீர் அவ்வளவு விரைவில் வடியாது, அந்தப் பாரத்தில் உட்சரிவு வழுக்கி விழும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பிளாஸ்டிக் விரித்த பண்ணைக் குட்டைகள் பெருகியுள்ளன. அந்த விரிப்பில் பாசி படிந்தால் நீச்சல் தெரிந்தவரும் ஏறிவர முடியாது. வேலியும், எந்நேரமும் நீருக்குள் தொங்கும் முடிச்சிட்ட கயிறுகளும் இல்லாத குட்டையை ஒரு நாள்கூட நிறைத்து வைக்கக் கூடாது. இதில் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது.

ஆபத்து வேளையில்

கரையை ஜூனுக்கு முன் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, பெருமழையின் மறுநாள் ஒருமுறை, தலைப்பிலும் வெளியடியிலும் நடந்தே பார்க்க வேண்டும். வெடிப்பு, சரிவு, புதிதாகச் சதசதத்த இடம் ஆகியவற்றைப் படம் எடுத்துத் தேதியுடன் வைத்துக்கொண்டால், அடுத்த முறை கூடியதா குறைந்ததா என்பது தெரியும்.

கரை தாங்காது என்று தோன்றும் இரவில் பலர் செய்வது, கரையை ஓரிடத்தில் வெட்டி விடுவது. வெட்டிய வாய் நம் கட்டுப்பாட்டில் நிற்காது, அதுவே உடைப்பாகிவிடும். கோடியில் உள்ள தடைகளை அகற்றி, மோட்டாரையும் சைபனையும் ஓட்டி, மதகை முழுதும் திறந்து நீரைக் குறைக்க வேண்டும். அதற்கும் முன்பாக, கீழ்க்காட்டில் குடியிருப்போருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல் சொல்லிவிட்டு, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை 1077இல் அழைக்க வேண்டும். கீழ்க்காட்டுக் குடும்பங்களின் கைபேசி எண்களை மோட்டார் கொட்டகைச் சுவரில், வீட்டில் எவரும் படிக்கும்படி, இப்போதே எழுதி வையுங்கள்.