பயோடெக் முதலாண்டா? லேப் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

"கணக்கு வராது, அதனால்தான் பயோடெக் எடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டு சேர்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. முதல் செமஸ்டர் லேபிலேயே கணக்கு எதிரில் வந்து நிற்கும். பெரிய கணக்கெல்லாம் இல்லை. பெருக்கல், வகுத்தல், விகிதம், அவ்வளவுதான். ஆனால் அது கைவராதவர்கள் கடைசி வரை பக்கத்து மேசைக்காரர் கலக்கியதைப் பார்த்தே ரெக்கார்ட் எழுதுகிறார்கள். தியரியை அரியர் வைத்தாவது பிடித்துவிடலாம். லேப் பழக்கத்தை முதலாண்டிலேயே பிடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

படி 1: எந்த பயோடெக் என்று பாருங்கள்

பி.எஸ்சி. மூன்று வருடம், பி.டெக். நான்கு வருடம். பெயர் ஒன்றுதான், பாடம் வேறு. பி.டெக்.குக்கு இடம் தரும் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் 200 கட் ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. உயிரியல் மதிப்பெண் அதில் சேராது. சேர்ந்த பிறகும் கணிதம், திரவ ஓட்டம், வெப்பப் பரிமாற்றம், பயோரியாக்டர் (நுண்ணுயிர்களை வளர்க்கும் கலன்) என்று பொறியியல் வாசனை விடாது. பி.எஸ்சி.யில் செல் உயிரியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், மரபியல் ஆகியவைதான் பெரும்பங்கு. நீட் தேவையில்லை. கட்டணம் கட்டுவதற்கு முன் கல்லூரியின் சிலபஸை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் 11, 12ஆம் வகுப்பு உயிரியல் புத்தகங்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் முதல் செமஸ்டரின் ஆங்கிலப் பயம் பாதி குறையும்.

படி 2: மூன்று கணக்குகள்

முதலாவது, மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் பொருள் இருக்கிறது என்பது. 0.5 மோலார் சோடியம் குளோரைடு கரைசல் 250 மி.லி. வேண்டும். அதன் மூலக்கூறு எடை 58.44, அதாவது ஒரு மோல் 58.44 கிராம். கனஅளவை லிட்டரில் எழுதுங்கள்: 0.25. இப்போது 58.44 × 0.5 × 0.25 = 7.305 கிராம். இதை எடைபோட்டு, 200 மி.லி. அளவு தண்ணீரில் முதலில் கரைக்க வேண்டும். முழுக்கக் கரைந்த பிறகு 250 மி.லி. கோடு வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். 250 மி.லி. தண்ணீரை அளந்து அதில் உப்பைக் கொட்டினால் மொத்த அளவு 250ஐத் தாண்டிவிடும், செறிவு குறைந்துவிடும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்காத ஆசிரியர் குறைவு.

இரண்டாவது, நீர்த்தல். முதல் செறிவு × முதல் கனஅளவு = இறுதிச் செறிவு × இறுதிக் கனஅளவு. டிஎன்ஏவை அளவுவாரியாகப் பிரிக்க ஜெல் ஓட்டுவதற்கான டிஏஈ பஃபர் கரைசல் 50 மடங்குச் செறிவில் பாட்டிலில் இருக்கும். நமக்கு ஒரு மடங்கில் 500 மி.லி. வேண்டும். 500 ÷ 50 = 10. ஆக 10 மி.லி. பஃபர், 490 மி.லி. தண்ணீர்.

மூன்றாவது, தொடர் நீர்த்தல். இதில்தான் பலர் தடுமாறுவார்கள். 9 மி.லி. தண்ணீர் உள்ள குழாயில் 1 மி.லி. மாதிரியை விட்டால் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. அதிலிருந்து 1 மி.லி. எடுத்து அடுத்த குழாய்க்கு. இப்படி ஆறு குழாய் போனால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆறாவது குழாயிலிருந்து 0.1 மி.லி. எடுத்துத் தட்டில் பரப்பினீர்கள், மறுநாள் 85 காலனி (கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாக் கூட்டம்). 0.1 மி.லி.யில் 85 என்றால் 1 மி.லி.யில் 850. அதைப் பத்து லட்சத்தால் பெருக்கினால், மூல மாதிரியின் ஒவ்வொரு மி.லி.யிலும் 85 கோடி பாக்டீரியா. பொதுவாக 30 முதல் 300 காலனி வரை உள்ள தட்டை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். அதற்கு மேல் இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டி எண்ண முடியாது. குறைவாக இருந்தால் எண்ணிக்கையை நம்ப முடியாது.

எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். விடுதி மேசையில் உட்கார்ந்தே செய்யலாம், லேப் வேண்டாம்.

படி 3: மைக்ரோபிப்பெட்

மிகச் சிறிய அளவுத் திரவத்தை அளந்து எடுக்கும் கருவி இது. மேல் பொத்தானை அழுத்தும்போது இரண்டு நிறுத்தம் தெரியும். முதல் நிறுத்தம் வரை அழுத்தி, நுனியைத் திரவத்தில் வைத்து, மெதுவாக விட்டால் உள்ளே ஏறும். வெளியேற்றும்போது இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்த வேண்டும். எடுக்கும்போதே இரண்டாவதுக்குப் போனால் கேட்டதைவிட அதிகம் ஏறிவிடும். உங்கள் கை சரியா என்று பார்க்க ஒரு வழி: 1000 மைக்ரோலிட்டர் தண்ணீரை எடைத்தட்டில் விடுங்கள். ஏறக்குறைய ஒரு கிராம் காட்ட வேண்டும். அப்புறம் 100 விட்டுப் பாருங்கள், 0.1 கிராம்.

படி 4: இரண்டு நோட்டு

ரெக்கார்ட் நோட்டு மதிப்பெண்ணுக்கு. அப்சர்வேஷன் நோட்டு உங்களுக்கு. தேதி, எடை, நேரம், பிசகியது எல்லாவற்றையும் அங்கேயே பேனாவால் எழுதுங்கள். ஜெல்லில் பட்டை வரவில்லை என்றால் "வரவில்லை" என்றே எழுதுங்கள்.

படி 5: பாடத்தைக் கண்ணால் சரிபாருங்கள்

போனும் இணையமும் போதும். பன்றி, மாட்டு இன்சுலினை ஒரு காலத்தில் மனிதர்களுக்குப் போட்டார்கள், 1982இல் மரபணு மாற்றிய பாக்டீரியா தயாரித்த மனித இன்சுலின் அனுமதி பெற்றது என்று பாடத்தில் வரும். இதை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக புரதத் தகவல்கள் உள்ள யூனிப்ராட் தளத்துக்குப் போய் மனிதன், பன்றி, மாடு மூன்றின் இன்சுலின் அமினோ அமில வரிசையையும் எடுங்கள். என்சிபிஐ தளத்தில், வரிசைகளை ஒப்பிடும் கருவியான பிளாஸ்டின் புரதப் பக்கத்தைத் திறந்து, இரண்டு வரிசைகளை ஒப்பிடும் வசதியைத் தேர்ந்தெடுத்து ஒட்டுங்கள்.

மனித வரிசையில் 110 அமினோ அமிலம் இருக்கும். பயப்பட வேண்டாம். முதல் 24 வெட்டுப்பட்டுப் போகும். 25 முதல் 54 வரை பி சங்கிலி, 90 முதல் 110 வரை ஏ சங்கிலி. நடுவில் இருப்பதும் வெளியேறிவிடும். மிச்சம் 51. அந்த 51இல் மட்டும் வித்தியாசம் தேடுங்கள். பன்றிக்கு ஒரே இடம்: 54ஆவதில் நமக்கு திரியோனின், அதற்கு அலனின். மாட்டுக்கு மூன்று இடம். எவை என்று நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரு மாலை நேரம் போதும், பிளாஸ்ட் பிடிபட்டுவிடும்.

படி 6: விடுமுறையும் ப்ராஜெக்டும்

முதல் வருட விடுமுறையில் என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் பாடம் ஒன்றைப் பாருங்கள். பார்ப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். இரண்டாம் ஆண்டிலிருந்து இன்டர்ன்ஷிப் கேட்டு ஆய்வகங்களுக்கு மின்னஞ்சல் எழுதலாம். அந்தப் பேராசிரியரின் ஆய்வுக்கட்டுரை ஒன்றைப் படித்து, அதைப் பற்றி இரண்டு வரி எழுதினால் பதில் வர வாய்ப்பு கூடும். காசு கொடுத்தால் இறுதியாண்டு ப்ராஜெக்டை அச்சடித்துப் பைண்ட் போட்டே தரும் கடைகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகாதீர்கள், எம்.எஸ்சி. நேர்முகத்தில் முதலில் கேட்பது அந்த ப்ராஜெக்டைத்தான்.

படி 7: மேற்படிப்புத் தேர்வுகள்

பி.எஸ்சி. முடிப்பவர்களுக்கு எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் (JAM) நுழைவுத் தேர்வின் பயோடெக்னாலஜி தாளும், பயோடெக் மேற்படிப்புக்கான கேட்-பி (GAT-B) தேர்வும் முக்கியம். மூன்றாம் ஆண்டு தொடக்கத்திலேயே ஜாம் தளத்தில் பழைய வினாத்தாள்களை இறக்கிக்கொள்ளுங்கள். எண்ணில் விடை எழுத வேண்டிய கேள்விகளை முதலில் பிரித்தெடுத்துப் போடுங்கள். தேர்வறையில் சொந்த கால்குலேட்டர் கிடையாது, திரையில் வருவதை மவுஸால் தட்ட வேண்டும். அதையும் வீட்டிலேயே பழகிவிடுங்கள், நேரம் அதில்தான் போகிறது.