பிள்ளையின் பருமன் கருவிலேயே தொடங்குகிறது: மொரீஷியஸ் வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒருத்தி வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்றால் முதலில் மாறுவது அவள் தட்டுதான். மாமியார் ஒரு கரண்டி சோறு கூடப் போடுவார். கணவர் ஜோடியாக மடித்த தால் பூரியும் ஆலுதா என்ற இனிப்புப் பால் பானமும் வாங்கி வருவார். “ரெண்டு பேருக்குச் சாப்பிடும்மா” என்பதில் பாசம் இருக்கிறது, கணக்குத்தான் தப்பு. முதல் மூன்று மாதம் கூடுதல் சாப்பாடு அநேகமாகத் தேவையே இல்லை. அடுத்த மூன்று மாதம் நாளொன்றுக்குக் கூடுதலாக 340 கலோரி போதும். அதாவது இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். கடைசி மூன்று மாதத்தில் 450 கலோரி.

கர்ப்பத்துக்கு முன் சரியான எடையில் இருந்தவர் பிரசவம் வரை 11.5 முதல் 16 கிலோ ஏறலாம். பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 25-ஐத் தாண்டியிருந்தால் 7 முதல் 11.5 கிலோ, 30-ஐத் தாண்டியிருந்தால் 5 முதல் 9 கிலோ. எடை நிறையவே ஏறிவிட்டால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் பருமன் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

ஆலுதாவில் பாலும் சப்ஜா விதையும் இருப்பதால் சத்து என்று நினைக்கிறோம். அதிலுள்ள சர்க்கரைப் பாகைத்தான் கவனிக்க வேண்டும். தாயின் ரத்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிச் செல்லும், அவளுடைய இன்சுலின் தாண்டாது. வரும் சர்க்கரையைச் சமாளிக்கக் கருவின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கும். அந்த இன்சுலின் கொழுப்பைச் சேர்க்கும். நாலு கிலோவைத் தாண்டிப் பிறக்கும் ‘கொழுகொழு’ பிள்ளையைப் பார்த்துப் பூரிக்கும் முன் தாயின் சர்க்கரை அளவைக் கேளுங்கள்.

“எங்கள் பரம்பரை உடம்பு” என்று விட்டுவிடுவதும் தவறுதான். அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினரிடம் ஓர் ஆய்வில் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். தாய்க்கு நீரிழிவு வந்தபின் பிறந்தவர்கள், அதற்கு முன் பிறந்த உடன்பிறப்புகளைவிடப் பருமனாக இருந்தார்கள். தாயும் தகப்பனும் ஒன்றேதான், கருப்பைச் சூழல்தான் வேறு.

பெரிய பிழை நடப்பது பரிசோதனையில். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுத்தால் வேலை முடிந்தது என்று திரும்பிவிடுகிறார்கள். 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, மூன்று முறை ரத்தம் கொடுக்க வேண்டும். லிட்டருக்கு, வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணி நேரத்தில் 10.0, இரண்டு மணி நேரத்தில் 8.5 மில்லிமோல்: இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் அது கர்ப்பகால நீரிழிவு. முடிவு நன்றாக வரட்டும் என்று முந்தைய நாட்களில் சோற்றைக் குறைக்காதீர்கள், அளவு பொய்யாக ஏறிக் காட்டும். கரைசல் வாந்தியானால் வேறொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும்.

நீரிழிவு என்று தெரிந்ததும் பயந்து பட்டினி கிடப்பவர்களும் உண்டு. வேண்டாம். சோற்றைப் பாதியாக்கி, முருங்கைக்கீரை புய்யோன் (தண்ணியான சூப்), பருப்பு, மீன் கூட்டுங்கள். சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் நடங்கள். சிகரெட் முழுக்கவே கூடாது, அதுவும் பிள்ளையின் பிற்காலப் பருமனோடு தொடர்புள்ளது.

சிறிதாகப் பிறந்த பிள்ளைக்குப் பால் பவுடரைக் கெட்டியாகக் கரைத்து ஊட்டி ‘தேற்றுவது’ இன்னொரு ஆபத்து. ஓர் ஆய்வில், இந்தியாவின் பூனாவில் பிறந்தவர்கள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. ஆனாலும் பூனாக் குழந்தைகளிடம் குறைந்திருந்தது பெரும்பாலும் தசைதான், முதுகுத்தோலின் கீழுள்ள கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. இப்படிப்பட்ட உடம்பில் எடையை அவசரமாக ஏற்றினால் கொழுப்புத்தான் சேரும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள்.

பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் தாய் மீண்டும் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அடுத்த பிள்ளைக்கு முன்னும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.